கொம்புப்பார் மருந்து

உட்காரும். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் சரியில்லை. இப்படிக் கட்டிலிலேயே உட்காரும்.

நூற்றாண்டு மலர் போடுகிறோம், கொம்புப்பார் விளக்கின் வரலாறு வேண்டும் என்று போனில் சொன்னீர். வரலாறு என்ன பெரிய வரலாறு? கடலுக்குள்ளே ஒரு பாறைத்திட்டு, கொம்பு மாதிரி வளைந்து கிடக்கும். நீருக்குள் கிடக்கிற பாறைக்கு எங்கள் பக்கத்தில் பார் என்று பேர். வெள்ளைக்காரன் கப்பல் ஒன்று அதில் மோதியது. ஆளும் போனது, சரக்கும் போனது. சரக்கு போனதில் அவனுக்கு வருத்தம், விளக்குக் கட்டினான். கட்டினவன் பேர், வருஷம் எல்லாம் வாசலுக்கு மேலே கல்லில் வெட்டியிருக்கிறது. படகு பிடித்துப் போய் எழுதிக்கொள்ளும். அதற்கு நான் எதற்கு?

நீர் அதற்கு வரவில்லை. தெரியும். கட்டின நாளிலிருந்து ஒரே ஒரு ராத்திரிதான் அந்த விளக்கு எரியவில்லை. அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவன் பலவேசம், கிழவன் இன்னும் சாகவில்லை, போய்க் கேளும் என்று எவனோ அனுப்பியிருக்கிறான். எல்லாரும் அதற்குத்தான் வருகிறார்கள். எரிந்த ராத்திரியைப் பற்றி ஒருத்தனும் கேட்டதில்லை.

சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசக் கூடாது.

காப்பி அந்தக் கூஜாவில் இருக்கிறது. நீரே ஊற்றிக்கொள்ளும். நான் ஊற்றினால் பாதி தரைக்குத்தான் போகும். கை கொஞ்சம் ஆடும். வாதம். உப்புக்காற்று பட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும். பல்லும் முப்பது வயசு தாண்டியதுமே ஒவ்வொன்றாகக் கழன்று போச்சு. என் அப்பாவுக்கு எழுபதிலும் பல் இருந்தது. எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் விளக்கைப் புரிந்துகொள்ளும். வெளிச்சம் பெரிசில்லை, மண்ணெண்ணெய் விளக்குத்தான். அதைச் சுற்றி இருக்கிற கண்ணாடிதான் பெரிசு. ஆள் உயரத்துக்கு மேலே, பட்டை பட்டையாக, இரும்புச் சட்டத்தில். யானை கனம். அந்தக் கனம் சுற்ற வேண்டும். சுற்றினால்தான் தூரத்தில் இருக்கிறவனுக்கு மின்னி மின்னித் தெரியும். எப்படிச் சுற்றும்? அடியில் வட்டமாக ஒரு தொட்டி. தொட்டி நிறையப் பாதரசம். கண்ணாடி அதன் மேலே மிதக்கும். ஒற்றை விரலால் தள்ளினால் போதும், யானை நகரும்.

பாதரசத்தில் தூசி படியும், ஏடு கட்டும். ஏடு கட்டினால் சுற்றுவது பிடிக்கும். அதனால் மாசம் ஒரு தடவை வடித்து எடுத்து, பழைய வேட்டித் துணியில் ஊற்றி, முறுக்கிப் பிழிய வேண்டும். சுத்தமான ரசம் முத்து முத்தாகக் கீழே உதிரும். அழகாக இருக்கும். பகல் பூரா அதே வேலை. கையாலேதான், பின்னே எதனாலே?

போன வருஷம் அந்த ரசத்தை எடுத்துக்கொண்டு போக ஆட்கள் வந்தார்களாம். உடம்பெல்லாம் உறை, கையில் உறை, மூஞ்சியில் பன்றி மாதிரி ஒரு மூடி. விஷமாம். காற்றிலேயே கலந்து ஏறுமாம். நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?

சரி. தஸ்நேவிஸ்.

எனக்கு உதவியாக வந்தவன் அவன். தூத்துக்குடிப் பரதவர் பையன். பையன் என்ன, இருபத்தைந்து இருக்கும், நல்ல வாட்டசாட்டம். வந்த புதிதில் பேசிக்கொண்டே இருப்பான், பாடுவான். மீன் குழம்பு வைத்தால் பாறையே மணக்கும். எனக்கு அவனைப் பிடிக்கும். சொன்னதில்லை. இதையெல்லாம் சொல்லவா வேண்டும்?

மூன்று பேர் இருக்க வேண்டிய இடம். மூன்றாவது ஆள் காய்ச்சல் என்று கரைக்குப் போனான், திரும்பவில்லை. அதனால் நாங்கள் இரண்டு பேர். நான் தலைமை, எனக்கு மேல்பார்வை வேலை நிறைய. ரசம் பிழிகிற வேலையை அவனிடமே விட்டுவிட்டேன். அவன் சலிக்காமல் செய்வான்.

இரண்டு வருஷம் போனது. பையன் மாறிவிட்டான். பாட்டு நின்றது. நான் கூப்பிட்டால் திடுக்கென்பான். கண்ணைப் பார்க்க மாட்டான். சாப்பிடும்போது நான் எதிரே உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொள்வான், புதுப் பெண் மாதிரி. ஒருநாள் காரணமே இல்லாமல் அழுதான். "என்னல?" என்றேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நீங்க என்னயப் பாத்தியள்லா" என்றான். பார்த்ததற்கு ஒருத்தன் அழுவானா?

தனிமை. பாறை ஆளை மாற்றும். என்னையே எடுத்துக்கொள்ளும். வேலைக்கு வரும் முன்னே ஊரில் என்னைச் சாதுப் பலவேசம் என்பார்கள். குரல் உயர்த்தினதில்லை. அப்புறம்தான் இந்தக் கோபம். என் வீட்டுக்காரி மகள் வீட்டில் இருக்கிறாள். என்னோடு இருக்க முடியாதாம். விடும்.

அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். எதிர்க்கரை மணல்குடிப் பெண். ரீத்தம்மாள் என்று பேர். தெளிந்த நாளில் அந்த ஊர்க் கோவில் சிலுவை பாறையிலிருந்து தெரியும். அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், வழக்கம் தெரியுமா உமக்கு? கல்யாணத்துக்கு முன்னே மூன்று ஞாயிறு கோவிலில் மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் வாசிப்பார்கள். ஓலை வாசிக்கிறது என்பார்கள். தடை சொல்ல வேண்டியவன் அப்போது சொல்லலாம். மூன்று ஓலையும் தடையில்லாமல் போனால் தாலி. அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நோன்புக்காலம் தொடங்கும் முன்னே. தொடங்கிவிட்டால் பொங்கல் வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது.

ஐப்பசிக் கடைசியில் சாமான் படகு வந்தது. படகுக்காரன் சூசைமரியான், வாய் ஓயாதவன். வரும்போதே கூவுகிறான்.

"ஏல மாப்பிள! முத ஓலை வாசிச்சாச்சுல! ஒன் மாமனாரு நெஞ்ச நிமுத்திக்கிட்டு முன்னால நிக்காரு, என்னமோ அவருக்கே கல்யாணம் மாதிரி!"

தஸ்நேவிஸ் சிரித்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம். சூசைமரியான் கயிற்றை வீசினான். தஸ்நேவிஸ் கையில் அது நிற்கவில்லை. மறுபடி வீசினான். மறுபடியும் நழுவியது. கை இரண்டும் காற்றில் அடித்த கொடி மாதிரி ஆடுகிறது.

"என்னல இது, தாலி கட்டும் முன்னாலயே ஆட்டம்? ராத்திரி அண்ணாச்சிக்குத் தெரியாம என்னத்த ஊத்துத?"

விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஆனால் இவன் முகம் செத்துவிட்டது. உள்ளே போய்விட்டான். மூட்டையெல்லாம் நானே இறக்கினேன். நல்ல திட்டு வைத்திருந்தேன். படகு கிளம்பும் முன்னே என்னைத் தனியே உள்ளே கூப்பிட்டு, என் முன்னே கையை நீட்டினான். திட்டவில்லை.

"அண்ணாச்சி, தாலி கட்டுறப்ப இது நிக்காட்டி?"

"நிக்கும்."

"ஊரே பாக்குமே. மூணு முடிச்சுல்லா போடணும்."

"பாக்கட்டும்."

"குடிகாரப்பயன்னு சொல்லிருவானுவ. இன்னும் ரெண்டு ஓலை இருக்கு. எவனாவது எந்திச்சுத் தடை சொல்லிட்டா? நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. ஒங்களுக்குத் தெரியும்லா."

எனக்குத் தெரியும். தொட்டதில்லை. அதனால்தான் மருந்து செய்து தருகிறேன் என்றேன்.

என் பெரியப்பா வைத்தியர். நடுக்கத்துக்கு அவர் ரசமணி கொடுப்பார். பாதரசத்தை மூலிகைச் சாற்றில் காய்ச்சிக் கட்டினால் மணியாக உருளும். அரைஞாணில் கோத்துக்கொண்டால் நடுக்கம், பயம், கெட்ட கனவு எதுவும் கிட்ட வராது என்பார். எங்கள் ஊரில் பாதிப் பேர் இடுப்பில் அது இருந்தது. பெரியப்பா காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். என்ன மூலிகை என்று நினைவில்லை. பாறையில் மூலிகைக்கு எங்கே போவது? கைக்குக் கிடைத்ததைப் போட்டேன். ரசத்துக்குத்தான் பஞ்சமே இல்லையே. ஊரில் வைத்தியன் குன்றிமணி அளவு வாங்கத் தவிப்பான். எங்களிடம் தொட்டி நிறையக் கிடந்தது. சரக்கு இருக்கும்போது ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு நிற்பதா?

கீழ் அறையில்தான் அடுப்பு. அவன் படுக்கையும் அங்கேதான். அன்றைக்கே காற்று மாறியது. வாடைக்காற்று, மழை. அலை ஜன்னலுக்கு மேலே அடிக்கிறது. பலகையெல்லாம் சாத்தித் தாழ் போட்டாச்சு. இரும்புச் சட்டியில் ரசத்தை ஊற்றி, மண்ணெண்ணெய் அடுப்பில் சின்னத் தீயில் வைத்தேன். "பக்கத்திலேயே இரு. கிண்டிக்கிட்டே இரு. ஆவி மேல பட்டாலே பாதி நடுக்கம் போயிரும்" என்றேன். இருந்தான். நான் மேலே விளக்கறைக்குப் போய்விட்டேன்.

அவன் சொன்ன பேச்சைத் தட்டுகிறவன் இல்லை. தூக்கம் வந்தாலும் அடுப்பை விட்டு நகர மாட்டான். நாள் பூரா கிண்டினான். மறுநாளும் கிண்டினான். ரசம் குறைந்துகொண்டே வந்தது, நான் மறுபடி ஊற்றிக்கொண்டே இருந்தேன். கட்டவில்லை. மழைக்காலம், ஈரம். அதனால் கட்டவில்லை.

என்ன அப்படிப் பார்க்கிறீர்? காப்பி ஆறுகிறது, குடியும்.

நாலைந்து நாளில் இருமல் பிடித்தது. நெஞ்சு அடைக்கிறது என்றான். வாயெல்லாம் புண், எச்சில் வடிகிறது. "செப்புக்காசைச் சப்புன மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றான். நான் சந்தோஷப்பட்டேன். மருந்து உடம்பில் இறங்கினால் முதலில் உள்ளே இருக்கிறதைக் கிளப்பிவிடும் என்று பெரியப்பா சொல்வார். "வேலை செய்யுதுல, பொறு" என்றேன்.

படகு வரவில்லை. கடல் மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கரைக்காற்று அடித்தால் மணல்குடிக் கோவில் மணி மெல்லக் கேட்கும். கேட்டது. தஸ்நேவிஸ் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரெண்டாவது ஓலை" என்றான். பேச்சே குழறியது. ஞாயிறு போய் ஞாயிறு வந்தது. மறுபடியும் மணி. "வாசிச்சிருப்பாங்க" என்றான். "தடை சொல்லியிருப்பானா சூசைமரியான்? கயிறு நழுவுனதச் சொல்லியிருப்பானா?"

"அவனுக்கு வேற வேலை இல்லையா?"

"கைய வச்சுப் பாத்தா நானே தடை சொல்லுவேன் அண்ணாச்சி."

கை முன்னைவிட மோசம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். என் கையும் லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. அதனால் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பொத்தான். பொத்தான் ஓட்டையே ஓடிப்போச்சு. அவன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் கொடியைக் கேட்டான்.

கொடி என்னவென்று சொல்ல வேண்டும். பாறையில் சிவப்புக்கொடி ஏற்றினால், விளக்கில் இருக்கிறவன் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். மணல்குடியில் மணியடிப்பார்கள். எந்தக் கடலாக இருந்தாலும் வள்ளம் இறக்கியாக வேண்டும். அரசாங்கச் சட்டம் இல்லை, ஊர்க் கட்டு. விளக்கு அவர்களுக்கு வழி காட்டுகிறது, விளக்குக்காரன் உயிருக்கு அவர்கள் பொறுப்பு. அப்படி ஒரு கொடிக்கு வந்து, என் காலத்துக்கு முன்னே, அப்பனும் மகனும் ஒரே வள்ளத்தில் போனார்கள். ஆகையினால் கொடியைத் தொடும்போது கை கூச வேண்டும். தலைமைக்காரன் சொல்லாமல் ஏறக் கூடாது.

"கொடிய ஏத்துங்க அண்ணாச்சி. நோன்புக்காலம் வரப்போவுது. நான் கரைக்குப் போவணும்."

"கல்யாணத்துக்குப் போறவனுக்குச் சிவப்புக்கொடியா? இந்தக் கடல்ல? ஒன் மாமனாரே வள்ளத்துல வந்து கவுந்தா தாலியை யாரு கையில வாங்குவ?"

"எனக்கு உயிருக்கு ஆபத்துதான் அண்ணாச்சி."

"கை நடுங்குறது ஆபத்தா? எனக்குந்தான் நடுங்குது."

"பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்?"

அவன் என் காலைப் பிடித்தான். அழுகிறான், எச்சில் வடிகிறது, என் வேட்டியெல்லாம் நனைகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேலே திரி ஒழுங்கில்லை, கண்ணாடி துடைக்க வேண்டும், எண்ணெய் குறைவு, எல்லாம் தனியாளாக. இவன் என்னடா என்றால்.

"அவ்வளவு அவசரம்னா நடந்து போல" என்றேன்.

பேச்சுக்குச் சொல்கிறதுதான். நீர் சொன்னதில்லையா? உம் வீட்டில் யாரும் சொன்னதில்லையா?

மறுநாள் மழை விட்டிருந்தது. அமாவாசை. நீர் நன்றாக வற்றும். அப்போது பாரின் முதுகு வெளியே தெரியும். கரையைப் பார்த்து நீளமாக ஓடும், கறுப்பாக, பாசியோடு. தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்குக் கரை வரைக்கும் போகிற பாதை மாதிரி இருக்கும். ஆனால் பாதியில் அறுந்துவிடும். அதற்கு அப்பால் ஆழம், இழுப்பு. அவனுக்குத் தெரியாதா? கடற்கரையில் பிறந்தவன். என்னைவிட அவனுக்குத்தான் தெரியும்.

மத்தியானம் நான் மேலே விளக்கறைக்கு வெளியே சுற்றுக்கட்டில் நின்று கண்ணாடி துடைக்கிறேன். கீழே வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை. புதுச் செருப்பை நனையக் கூடாது என்று கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். பாரின் மேலே நடக்கிறான்.

"ஏல! தஸ்நேவிசு! வால!"

திரும்பினான். கையைத் தூக்கினான். போகிறேன் என்று ஆட்டினானோ, தானாக ஆடியதோ, எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரத்தில் எப்படித் தெரியும்? கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். காற்று எதிர்க்காற்று.

படியில் உருண்டு விழுந்து இறங்கி ஓடினேன். நான் பாறை ஓரத்துக்கு வருவதற்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. வெள்ளைச் சட்டை முட்டளவு நீரில் நிற்கிறது. அப்புறம் இடுப்பளவு. அதற்கப்புறம் இல்லை.

கொடி ஏற்றினேன். உடனே ஏற்றினேன், அதை எழுதிக்கொள்ளும். மணி கேட்டது. வந்தார்கள். அந்தக் கடலில் வந்தார்கள், முன்னாலே சூசைமரியான். நான் பாறை நுனியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அவன் முங்கின இடத்தைக் கை காட்டிக் கத்திக்கொண்டிருந்தேன். இருட்டிவிட்டது. யார் மேலே ஏறி விளக்கைக் கொளுத்துவது? நான் கையை இறக்கினால் அவர்களுக்கு இடம் தவறிவிடும். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். விளக்கு எரிந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் தேடியிருக்கலாம் என்று சூசைமரியான் அப்புறம் சொன்னான். அவன் ஆயிரம் சொல்வான்.

இதுதான் நீர் கேட்ட ராத்திரி. ஒரு கப்பலும் மோதவில்லை. ஒரு தோணிகூட மோதவில்லை. மேலிடத்திலிருந்து அதிகாரி வந்து விசாரித்தார். என்ன கேட்டார் தெரியுமா? விளக்கு ஏன் எரியவில்லை. அவ்வளவுதான். தஸ்நேவிஸ் பேரை நான் சொன்ன பிறகுதான் கேட்டுக்கொண்டார். அனுமதியில்லாமல் இடத்தை விட்டுப் போனான் என்றேன். உண்மைதானே? எனக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் அதே பாறையில் வருஷக்கணக்காக விளக்கு ஏற்றினேன், ஒருநாள் தவறாமல். ஓய்வு பெறும்போது ஒரு மாலைகூட இல்லை. மோதாத கப்பலுக்கு என்னைத் தண்டித்தார்கள். இதைப் போடும் உம் மலரில்.

உடம்பு மூன்றாம் நாள் மணல்குடியிலேயே ஒதுங்கியது. ரீத்தம்மாள் வீட்டுக்கு நேர் எதிரே. எப்படியோ கரைக்குப் போய்விட்டான். தகவல் வந்ததும் சூசைமரியான் வள்ளத்தில் நானும் போனேன். கோவில் சாமியார் என்னைத் தனியே கூப்பிட்டார். தானாகப் போனானா, தவறி விழுந்தானா என்றார். தானாகப் போனவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தர மாட்டார்கள். பாசி வழுக்கிவிட்டது சாமி என்றேன். இடம் கொடுத்தார்கள். அதிகாரிக்கு ஒன்று, சாமியாருக்கு ஒன்று. இரண்டுமே பொய் இல்லை.

தடை ஒருத்தனும் சொல்லவில்லையாம். மூன்று ஓலையும் சுத்தமாகப் போயிருக்கிறது. சூசைமரியான் கயிற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாமனார் கல்யாண விருந்துக்கு ஆடு பிடித்துக் கட்டியிருந்தார். அது ஒரு பக்கம் கத்திக்கொண்டே இருந்தது.

பெட்டியை மூடும் முன்னே அந்தப் பெண் வந்தாள். அழவில்லை. அழுது முடித்திருப்பாள். என் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி மருந்து செஞ்சு குடுக்காகன்னு சொல்லிவிட்டிருந்தாக" என்றாள். படகு போகும் முன்னே இவன் யாருக்கும் தெரியாமல் சூசைமரியானிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். கை நடுங்குவதையும் சொல்லியிருக்கிறான். அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் மூன்று ஞாயிறும் கோவிலில் நின்றிருக்கிறாள்.

தட்டான் செய்து வைத்திருந்த தாலி அவள் கையில் இருந்தது. குனிந்து அவன் விரலைப் பிரித்தாள். விறைத்திருந்தது, கஷ்டப்பட்டுத்தான் பிரித்தாள். உள்ளங்கையில் தாலியை வைத்து மூடினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கை அசையவில்லை.

"மருந்து கேட்டுச்சா?" என்றாள் என்னிடம்.

"கேட்டுது" என்றேன். "கடைசியில கை நல்லா நின்னுட்டு."

அந்தப் பெண் ஊர் முன்னே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நீங்க நல்லா இருக்கணும் என்றாள். இத்தனை வருஷ வேலையில் எனக்கு நன்றி சொன்னது அவள் ஒருத்திதான்.